மழை பெய்யாத மண்ணின் உப்பு

உப்புகளின் வரலாறு – 9

சென்ற இதழில் பீகாரில் இருந்தோம். மழைக்காலம் போய் மண் காயத் தொடங்கியதும் ஊரோரத்து நிலங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உப்பை நுனியா சாதியினர் சுரண்டி எடுப்பார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். அதை வாங்கத்தான் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பாட்னாவில் பண்டகசாலை போட்டு ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றார்கள். அந்த வணிகத்தை நிலைகுலைய வைத்த இன்னொரு நைட்ரேட் உப்பு, உலகின் மறுபக்கத்தில் ஒரு பாலைவனத்தில் கிடந்தது. இந்த இதழ் அதைப் பற்றியது.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலுக்கும் ஆண்டீஸ் மலைத்தொடருக்கும் இடையில் நீளவாக்கில் கிடக்கிறது அட்டகாமா. கிழக்கிலிருந்து வரும் மேகங்களை ஆண்டீஸ் தடுத்துவிடும். மேற்கே கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் கடலிலிருந்து மூடுபனி வருமே தவிர மழை வராது. பிறந்ததிலிருந்து மழையையே பார்க்காத குழந்தைகள் அங்கே உண்டு.

நைட்ரேட் உப்புகள் அத்தனையும் நீரில் கரைபவை. சோடியத்தோடு சேர்ந்தாலும் பொட்டாசியத்தோடு சேர்ந்தாலும் கால்சியத்தோடு சேர்ந்தாலும் அப்படித்தான். அதனால்தான் சுண்ணாம்புக்கல் மலையாக நிற்பதுபோல நைட்ரேட் எங்கும் மலையாக நிற்பதில்லை. மண்ணில் அது உண்டாகும் வேகத்திலேயே மழை அதைக் கரைத்து ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோய்விடுகிறது. பீகாரில் பூத்ததும் ஒரு கோடைக்கான பூப்புதான்; அடுத்த மழைக்குள் சுரண்டினால் உண்டு, தவறினால் இல்லை. அட்டகாமாவிலோ கரைத்துச் செல்ல ஆளில்லை. காற்றுமண்டலத்தில் உருவாகித் தூசியோடும் மூடுபனியோடும் துளித்துளியாக இறங்கிய நைட்ரேட், பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்து, மண்ணுக்குக் கொஞ்சம் கீழே கெட்டிப்பட்ட அடுக்காக உறைந்துவிட்டது. அந்த அடுக்குக்கு அங்கே கலீச்சே என்று பெயர். சோடியம் நைட்ரேட்டோடு சமையல் உப்பு, சோடியம் சல்ஃபேட், ஜிப்சம், மணல், சிறிதளவு அயோடின் சேர்மங்கள் எல்லாம் கலந்த கல் அது. பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த நைட்ரேட்தான் என்பதை அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்களின் வகைகளை அளந்து உறுதிசெய்தது இந்த நூற்றாண்டில்தான்.

ஆனால் அடிப்படையான விஷயத்தை 1835 ஜூலையிலேயே ஒரு இளைஞர் கண்டு எழுதிவிட்டார். பீகிள் கப்பல் இக்கிக்கே துறைமுகத்தில் நங்கூரமிட்டபோது, 26 வயது சார்லஸ் டார்வின் உள்நாட்டிலிருந்த உப்புக் காய்ச்சும் இடங்களைப் பார்க்கப் போனார். நிலமெங்கும் உப்புப் பொருக்கு படிந்து, பனி பெய்து பாதி உருகிய நாடுபோலத் தெரிந்ததாம். கரையக்கூடிய ஒரு பொருள் இவ்வளவு பரப்பில் கரையாமல் கிடக்கிறது என்றால், இங்கே எத்தனை நெடுங்காலமாக மழையில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். மழைமானி வைத்து அளக்க முடியாத பழங்காலத்தின் வறட்சியை அவர் உப்பை வைத்து அளந்துவிட்டார். டார்வினின் பயணக் குறிப்புகளில் என்னை மிகவும் கவர்ந்த இடங்களில் இது ஒன்று.

அவர் விலைகளையும் குறித்து வைத்தார். கப்பலருகே ஒப்படைத்தால் 100 பவுண்டு எடை உப்புக்கு 14 ஷில்லிங். இக்கிக்கேயில் குடிநீர் கிடையாது. 40 மைல் வடக்கே பிசாகுவாவிலிருந்து படகில் வரும். ஏறத்தாழ 80 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் நான்கரை ஷில்லிங். மூன்று பீப்பாய்த் தண்ணீரும் 100 பவுண்டு உப்பும் ஏறக்குறைய ஒரே விலை. தண்ணீர் இல்லாததால்தான் அந்த உப்பு அங்கே இருந்தது; அந்த உப்பை எடுக்கவோ தண்ணீர் வேண்டும். பிறகு நடந்த எல்லாவற்றையும் இந்த இக்கட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் புரியும்.

இக்கிக்கே அப்போது பெரு நாட்டின் தாரபக்கா மாகாணத்தில் இருந்தது. அதற்குத் தெற்கே அன்டோஃபகாஸ்டா கரை பொலிவியாவுக்கு. இன்னும் தெற்கே சிலி. மூன்று நாடுகளுமே ஸ்பெயினிடமிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆனவை. யாரும் குடியிருக்காத பாலைவனத்தில் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

தொடக்கத்தில் இந்த உப்பை வெடிமருந்துக்காகத்தான் கவனித்தார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சோடியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். அதை வைத்துச் செய்த மருந்து நமத்துப்போகும், துப்பாக்கிக்கு உதவாது. பீகாரின் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு அந்தக் குறை கிடையாது. பொஹீமியாவிலிருந்து வந்து பொலிவியாவின் கொச்சபம்பாவில் தங்கிவிட்ட தாடியஸ் ஹேன்கே என்ற இயற்கையியலாளர், செடிச் சாம்பலின் பொட்டாசைக் கொண்டு இதை வெடியுப்பாக மாற்றும் வழியை 1809ஆம் ஆண்டளவில் காட்டினார் என்பார்கள். பெரிய அளவில் அது நடந்தது ஐரோப்பாவில்தான். 1861இல் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் சுரங்கங்களிலிருந்து பொட்டாசியம் குளோரைடு டன் கணக்கில் வரத் தொடங்கியது. அதையும் அட்டகாமாவின் உப்பையும் சூடான நீரில் ஒன்றாகக் கரைத்தால், நான்கு வகை உப்புகளில் சூட்டில் ஆகக் குறைவாகக் கரைவது சமையல் உப்பு; அது முதலில் அடியில் தங்கிவிடும். அதை வடித்துவிட்டுக் கரைசலை ஆறவிட்டால் வெடியுப்பு படிகமாக இறங்கும். பொட்டாசியம் நைட்ரேட் கொதிநீரில் 100 கிராமுக்கு 240 கிராமுக்கு மேல் கரையும், உறைகுளிரில் 13 கிராம்தான். இந்த ஒரு வித்தியாசத்தால், இரண்டு மலிவான உப்புகளிலிருந்து விலையுயர்ந்த ஒன்று பிறந்தது. கங்கைக்கரையில் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த நுனியாக்களின் சரக்குக்கு உலகச் சந்தையில் இருந்த மதிப்பு இதனால்தான் சரிந்தது. அவர்களுக்கு அட்டகாமா என்ற பெயரே தெரிந்திருக்காது.

ஆனால் உப்பின் பெரும்பங்கு துப்பாக்கிக்குப் போகவில்லை, வயலுக்குப் போனது. பயிர்கள் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் வேரில் உறிஞ்சுகின்றன. சாணமும் தழையும் மட்கி, நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும்வரை பயிர் காத்திருக்க வேண்டும். அட்டகாமா உப்போ மேலுரமாகத் தூவி ஒரு மழை பெய்தால் போதும், அப்போதே கரைந்து வேருக்குப் போய்விடும். அட்டகாமாவில் மழை இல்லாததால் தேங்கிய பொருள், ஐரோப்பாவில் மழை இருந்ததால் பயன்பட்டது. கோதுமைக்கும் சர்க்கரைக் கிழங்குக்கும் அதை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஆகப் பெரிய வாடிக்கையாளர் ஜெர்மனி. ஹாம்பர்க்கின் லாயிஸ் நிறுவனம் இந்த உப்புக்காகவே ஹார்ன் முனையைச் சுற்றிவரும் மாபெரும் பாய்மரக் கப்பல்களை ஓட்டியது. நீராவிக் கப்பல்கள் மற்ற வழிகளையெல்லாம் பிடித்துக்கொண்ட பிறகும் பாய்மரம் தாக்குப்பிடித்த கடைசி வணிகங்களில் இதுவும் ஒன்று. அவற்றில் ஒன்றான ‘பெக்கிங்’ இன்றும் ஹாம்பர்க்கில் காட்சிக்கு நிற்கிறது.

பணம் வந்ததும் எல்லைக்கோடு முக்கியமானது. அன்டோஃபகாஸ்டாவில் உப்பெடுத்தது சிலி நாட்டு, பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம். அங்கே இயங்கும் சிலி நிறுவனங்களுக்கு 25 ஆண்டுகள் வரியை உயர்த்துவதில்லை என்று 1874இல் பொலிவியா ஒப்பந்தம் செய்திருந்தது. 1878இல் குவின்டால் எடைக்கு 10 சென்டாவோ என்று புது வரி போட்டது. நிறுவனம் கட்ட மறுத்தது. சொத்தை ஏலம் விடக் குறித்த நாளான 1879 பிப்ரவரி 14 அன்று சிலியின் படை அன்டோஃபகாஸ்டாவில் இறங்கியது. பொலிவியாவோடு ரகசிய உடன்படிக்கை வைத்திருந்த பெருவும் போருக்குள் வந்தது. 1881 ஜனவரியில் சிலிப் படை லிமாவுக்குள் நுழைந்தது. 1883இல் பெரு தாரபக்காவை விட்டுக்கொடுத்தது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது; 1904 ஒப்பந்தம் அதை உறுதியாக்கியது. பொலிவியா இன்றும் கடற்படை வைத்திருக்கிறது, ஆண்டுதோறும் மார்ச் 23ஐக் கடல் நாளாக நினைவுகூர்கிறது. பேச்சுவார்த்தைக்கு வரச் சிலிக்குக் கட்டாயம் இல்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்த பிறகும் அந்த ஏக்கம் அடங்கவில்லை.

போரில் வென்றது சிலி. லாபத்தில் பெரும்பங்கு போனது லண்டனுக்கு. 1875இல் பெரு உப்பு வயல்களை அரசுடைமையாக்கியபோது உரிமையாளர்களுக்குப் பத்திரங்கள் கொடுத்திருந்தது. போர்க்காலத்தில் அவை அடிமாட்டு விலைக்கு விழுந்தன. லீட்ஸ் நகரத்து மெக்கானிக்காக வந்த ஜான் தாமஸ் நார்த் அவற்றை வாங்கிக் குவித்தார், அதுவும் சிலி நாட்டு வங்கியில் கடன் வாங்கி. பத்திரம் வைத்திருப்பவருக்கே வயல் என்று சிலி அரசு முடிவெடுத்ததும் அவர் நைட்ரேட் ராஜா ஆனார். இக்கிக்கேக்குத் தண்ணீர் விற்கும் தொழிலும் அவர் கையில் இருந்தது. உப்பும் தண்ணீரும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த நிலத்தில் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?

தண்ணீருக்காகப் பட்ட பாட்டில் ஒரு அருமையான முயற்சியும் பிறந்தது. 1872இல் லாஸ் சலீனாஸ் என்ற இடத்தில் சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர், 4,000 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி விரித்து, கிணற்றின் உவர்நீரை வெயிலாலேயே ஆவியாக்கிக் குளிரவைத்து நன்னீர் எடுத்தார். நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் கிடைத்தது. உலகில் பெரிய அளவில் நடந்த முதல் சூரிய வடிப்பாலை அதுதான். உப்பு வண்டிகளை இழுத்த கோவேறு கழுதைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தன.

இனி காய்ச்சும் இடத்துக்குப் போவோம். சுரங்கம், ஆலை, குடியிருப்பு, கடை எல்லாம் சேர்ந்த நிறுவன ஊருக்கு ஒஃபிசினா என்று பெயர். ஆட்கள் மண்ணைத் துளைத்து வெடிவைத்துக் கலீச்சேயைப் பெயர்ப்பார்கள். கல்லை நொறுக்கி, கச்சூச்சோ எனப்படும் பெரிய இரும்புக் கொப்பரைகளில் கொட்டி நீர்விட்டுக் கொதிக்க வைப்பார்கள். சமையல் உப்பு 0 டிகிரியில் 100 கிராம் நீருக்கு 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39 கிராம். சூட்டினால் அதற்கு ஏற்ற இறக்கம் அதிகமில்லை. சோடியம் நைட்ரேட்டோ 73 கிராமிலிருந்து 180 கிராம்வரை தாவும். கொதித்த கரைசலைத் தெளியவிட்டு, திறந்த தட்டைத் தொட்டிகளில் சில நாள் ஆறவிட்டால் நைட்ரேட் வெள்ளைப் படிகமாக இறங்கும்.

முதலில் நேரடி நெருப்பில் காய்ச்சினார்கள். விறகும் நிலக்கரியும் தாளவில்லை. இங்கிலாந்தில் சோடா தயாரிப்புக்காக ஜேம்ஸ் ஷேங்ஸ் வகுத்த முறையை 1870களின் பிற்பகுதியில் சாண்டியாகோ ஹம்பர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இங்கே பொருத்தினார். கொப்பரைகளை வரிசையாக இணைத்து, உள்ளே குழாய்ச் சுருள்களில் நீராவி ஓடவிட்டார். புதுத் தண்ணீர் ஏற்கெனவே சத்திழந்த கல்லின் மேல் முதலில் பாய்ந்து, மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு அடுத்தடுத்த கொப்பரைகளுக்குப் போய், கடைசியில் புதுக் கல்லில் நிறைந்துகொள்ளும். படிகம் இறங்கியபின் மிஞ்சும் நீருக்குக் கிழத்தண்ணீர் என்று பெயர். அதைக் கொட்டாமல் மறுபடி கொப்பரைக்கே விடுவார்கள். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் பிறந்த சிக்கனம் அது.

கொப்பரையில் வேலை செய்த மனிதர்களுக்கு அந்தச் சிக்கனத்தில் பங்கில்லை. கரைசலை வடித்ததும் அடியில் தங்கும் சக்கையை அள்ள, கொதி ஆறாத கொப்பரைக்குள் அரை நிர்வாணமாக ஆட்கள் இறங்குவார்கள். பகலில் சுட்டெரிக்கும் பாலை, இரவில் நடுங்கவைக்கும் குளிர். கூலி ஃபிச்சா என்னும் வில்லையாக வரும். அந்த வில்லை நிறுவனத்தின் கடையில் மட்டும் செல்லும். பணமாக மாற்றினால் மதிப்பில் பிடித்துக்கொள்வார்கள். மாவும் நிறுவனக் கடையில்தான், மருந்தும் அங்கேதான். அதே காலத்தில் சிலி அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி இந்த உப்பின் ஏற்றுமதி வரியிலிருந்து வந்தது.

1907 டிசம்பரில் சான் லொரென்சோ ஒஃபிசினாவில் வேலைநிறுத்தம் தொடங்கி வயல் வயலாகப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு பாலைவனத்தைக் கடந்து இக்கிக்கேக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். கூலியை நிலையான மதிப்பில் கொடுங்கள். வில்லைகளை முழு மதிப்புக்கு மாற்றுங்கள். கடையில் தராசை வெளியே வையுங்கள், எடையைச் சரிபார்த்துக்கொள்கிறோம். மாலைப் பள்ளி நடத்த இடம் கொடுங்கள். கொதிக்கும் கொப்பரைகளுக்கு இரும்புக் கம்பி மூடி போடுங்கள். கடைசியாகச் சொன்ன கோரிக்கைக்குப் பின்னால் கொதிக்கும் உப்புக் கரைசலில் தவறி விழுந்து செத்தவர்கள் இருந்தார்கள். ஒரு கம்பி வலைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? அதைக் கூடப் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அவர்கள் சாந்தா மரியா பள்ளியில் தங்கவைக்கப்பட்டார்கள். டிசம்பர் 21 அன்று ஜெனரல் சில்வா ரெனார்ட் கலைந்துபோகச் சொன்னார், அவர்கள் மறுத்தார்கள். பெருவியர்களும் பொலிவியர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தனியே வெளியே வந்துவிடுங்கள் என்று அவர்களுடைய தூதர்கள் அழைத்தபோது, சிலித் தோழர்களோடு வந்தோம், அவர்களோடே சாவோம் என்று பொலிவியர்கள் சொன்னதாக அந்த மண்ணில் இன்றும் பேசப்படுகிறது. இதே உப்புக்காகத்தான் ஒரு தலைமுறைக்கு முன்னால் அவர்களுடைய நாடுகள் சிலியோடு போரிட்டிருந்தன. இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்பார்கள், இரண்டாயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. அரசு ஒப்புக்கொண்ட கணக்கு 126. தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான கவிஞர் பாப்லோ நெரூதா 1945இல் செனட்டராகத் தேர்வானது இந்த உப்பு மாகாணங்களின் வாக்குகளால்தான்.

இதற்கிடையில் ஐரோப்பா வேறொன்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. சிலியின் உப்பு சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும், கோதுமைக்கு என்ன செய்வது என்று 1898இல் வில்லியம் குரூக்ஸ் பிரிஸ்டலில் நடந்த அறிவியலாளர் மாநாட்டில் எச்சரித்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருக்கிறது, அதைப் பிடிப்பது வேதியியலாளர்களின் வேலை என்றார். 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தில் அம்மோனியா சொட்டச் செய்தார். 1913 செப்டம்பரில் கார்ல் போஷ் ஜெர்மனியின் ஓப்பாவில் அம்மோனியா ஆலையை ஓட்டினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டு, பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்ததும் ஜெர்மனிக்கு வந்த சிலி உப்பு நின்றுபோனது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் செய்யும் கட்டாயம் வந்தது, செய்தார்கள். ஓப்பாவின் கதையை, 1921இல் அங்கே இறுகிப்போன ஒரு உப்புக் குவியல் வெடித்ததையும் சேர்த்து, தனியே ஒரு இதழில் எழுத வேண்டும்.

போருக்குப் பிறகு சிலியின் உப்பு விலையில் தாக்குப்பிடிக்கவில்லை. அமெரிக்காவின் குகன்ஹைம் குடும்பத்தார் 1926இல் மரியா எலெனாவில், வெதுவெதுப்பான நீரிலேயே கரைத்து, குளிரூட்டிப் படிகமாக்கும் முறையைக் கொண்டுவந்து எட்டு சதவீத அளவே நைட்ரேட் உள்ள கல்லையும் பயன்படுத்தினார்கள். 1930களின் மந்தத்தில் அதுவும் தள்ளாடியது. ஒஃபிசினாக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹம்பர்ஸ்டன் பெயரைத் தாங்கிய ஊர் 1960இல் காலியானது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. சக்கபூக்கோ என்ற இன்னொரு ஒஃபிசினாவை 1973இல் சர்வாதிகாரி பினோசெட்டின் ராணுவம் அரசியல் கைதிகளின் முகாமாக்கியது. சுற்றிலும் ஓடி ஒளிய இடமில்லாத பாலை என்பதால்.

உப்பு மட்டும் இன்னும் தீரவில்லை. கரையும் குணத்துக்கு இன்று வேறு வேலைகள். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பில்லாமல் போகும் உரமாகப் பொட்டாசியம் நைட்ரேட்டை அங்கே தயாரிக்கிறார்கள். 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையை உருக்கி, கண்ணாடிகளால் குவித்த வெயிலின் சூட்டை அதில் 565 டிகிரிவரை சேமித்து வைக்கலாம். 2021இல் அட்டகாமாவிலேயே திறந்த செரோ தோமினதோர் நிலையம் அப்படிச் சேமித்த சூட்டைக் கொண்டு சூரியன் மறைந்தபின் பதினேழரை மணி நேரம் மின்சாரம் தர வல்லது.

அயோடினைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1811இல் அதைக் கண்டுபிடித்த பெர்னார் கூர்த்துவா, பிரான்சின் டிஜோனில் வெடியுப்புக் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். கடற்பாசிச் சாம்பலிலிருந்து உப்பெடுக்கும்போது ஊதாநிற ஆவி கிளம்பியதைப் பார்த்தார். கலீச்சேயிலுள்ள அயோடேட் கிழத்தண்ணீரில் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். சோடியம் பைசல்ஃபைட் விட்டால் அயோடினாகப் பிரியும். அன்று துணைச் சரக்காக எடுத்தது இன்று முதன்மைச் சரக்கு. உலகில் அதிக அயோடின் எடுக்கும் நாடு சிலி. இந்தியாவுக்கு வேண்டிய அயோடினில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பொட்டாசியம் அயோடேட் ஆக்கி, நீரில் கரைத்து, தூத்துக்குடி உள்ளிட்ட ஊர்களில் உப்பளத்து உப்பைப் பொட்டலம் போடும் முன் அதன் மேல் தெளிக்கிறார்கள். சட்டப்படி கடையில் நாம் வாங்கும்போது அதில் அயோடின் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.